ஆளி விதையும் ஓர் ஊசியும்

சென்னிமலைக்கு ஐம்பத்தாறு வயது. கருமத்தம்பட்டியைச் சுற்றிப் பன்னிரண்டு ஊர் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர். முப்பது வருடமாக மாட்டுக்குள் கையை விட்டு விட்டு வலது தோள் தேய்ந்துபோயிற்று. சட்டைப் பொத்தான் போட மனைவி வரவேண்டும். "போதும், உட்டுப்போடுங்க" என்று அவளும் சொல்லிச் சலித்துவிட்டாள். மனிதர் கேட்டால்தானே!

இந்த வருடம் அவரை அலைக்கழித்தது சாமியாத்தாளின் ஜெர்சி மாடு. சாமியாத்தாள் ஒண்டி ஆள். பிழைப்பு அந்த ஒரு மாட்டில்தான். மூன்று தடவை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. நிற்காத மாட்டை எத்தனை நாள் கட்டித் தீனி போடுவது? அடிமாட்டு லாரிக்காரனுக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

நாலாவது ஊசியின்போது, கால்நடை முகாமில் டாக்டர் சொன்னதை அவளிடம் சொன்னார் சென்னிமலை. உண்டான பதினாறு, பதினேழாம் நாளில் கரு, தான் இருப்பதைத் தாய்க்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் கருப்பை புரோஸ்டாகிளாண்டின் என்ற ஒன்றைச் சுரந்து, சூலகத்தில் சினையைத் தாங்கும் கட்டியைக் கரைத்துவிடும். மாடு மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். உடம்பு அந்தப் புரோஸ்டாகிளாண்டினைக் கொழுப்பிலிருந்துதான் செய்கிறது. ஆளி விதையின் கொழுப்பு அந்தச் சுரப்பைக் கொஞ்சம் அடக்கிவைக்குமாம்.

"தெனமும் அரைச்சுத் தவுட்டுல கலந்து வைங்க அம்மணி."

அவளும் ஒரு நாள் தவறாமல் வைத்தாள்.

ஐம்பது நாள் கழித்து அந்த வழியாகப் போனவர் தாமாகவே வண்டியை நிறுத்தினார். "மாடு மறுக்காப் பருவத்துக்கு வந்துச்சுங்களா?"

"இல்லீங்கண்ணா."

"வேற எங்கயும் காளைக்குச் சேத்தலீங்களே?"

"அட, உங்கள உட்டுப்போட்டு வேற எங்க போறனுங்க?"

கையை விட்டுப் பார்த்தார். ஐம்பது நாள் சினை அவர் கைக்குத் தப்பாது. இல்லை. டாக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டு, பருவத்துக்குக் கொண்டுவரும் ஊசியைப் போட்டார். அதில் இருப்பதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான்.

மூன்றாம் நாள் மாடு பருவத்துக்கு வந்து கத்தியது. ஐந்தாவது ஊசிக்கு வந்து அவர் கையுறையை மாட்டும்போது சாமியாத்தாள் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தாள்.

"மறைச்சுப்போட்டனுங்கண்ணா. உங்க நாலாவது ஊசியும் நிக்கல. இருபத்தோராம் நாளே பருவத்துக்கு வந்துச்சு. அவிநாசிப் பக்கம் ஒரு தோட்டத்துக் காளைக்கு ஓட்டீட்டுப் போனனுங்க. உங்க மனசு நோவுமேன்னு சொல்லல. அன்னிக்கு நீங்க போட்டது சத்து ஊசின்னு நெனச்சேன். அதுக்கப்பறம் இப்பத்தான் கத்துது பாருங்க, காளைக்கும் நிக்கல. மலடுதானுங்க. வெள்ளிக்கெழம யாவாரிய வரச் சொல்லிப்போட்டேன்."

எங்கள் பக்கத்து மரியாதை இது. முகத்துக்கு நேரே ஒரு கசப்பைச் சொல்ல மாட்டோம். எனக்கு இதைக் கண்டாலே எரிச்சல்.

சென்னிமலை மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். அந்தப் பருவ ஊசி போட்ட அன்று, காளைக்குச் சேர்த்து இருபத்தொன்பது நாள். நடுவில் பருவம் வரவில்லை. சினை நின்றிருக்கிறது. ஒரு மாதக் கரு எவர் கைக்கும் சிக்காது. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் மாடு லாரி ஏறிவிடும். சொன்னால் பன்னிரண்டு ஊரிலும் பேர் கெடும். அலுப்பாக இருந்தது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மலடில்லீங்க அம்மணி. நின்னுருந்துச்சு. நாந்தான் ஊசியப் போட்டுக் கலைச்சுப்போட்டேன்."

அவள் மாட்டின் வயிற்றில் கையை வைத்தாள். "ஒரு மாசம் உள்ள இருந்துச்சுங்களா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினார். அவள் அழுதாள். நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது அவருக்கு. திட்டவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "ஏனுங்க, வெள்ளிக்கெழம வர வேண்டாமுங்க. மாட்டக் குடுக்கறதில்ல."

"இந்தத் தடவ ஊசி வேண்டாம், கருப்பை தேறட்டும்" என்றார் சென்னிமலை. "இன்னும் இருபத்தொரு நாள் போவட்டும்."

"நீங்களே வாங்கண்ணா. இனி ஒண்ணும் மறைக்க மாட்டேன்."

இந்தத் தொழிலை இன்றோடு விட்டுவிடுகிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தார்.

"வாரேனுங்க" என்றார்.