பூண்டு வண்டியில் வந்த மெத்தை

லாரி புக்கிங் தொழிலில் சரக்கு மேலே வந்தாலும் கீழே போனாலும், பேச்சு வாங்குவது ஆபீசில் உட்கார்ந்திருப்பவன்தான். கொடைக்கானலில் அப்படி உட்கார்ந்தே தலை நரைத்தவன் நான். வீடு மாற்றிவிட்டு, வந்து சேராத கட்டில் காலுக்காகக் காத்திருந்தவர்களுக்கு என் பாடு புரியும்.

ரிட்டன் லோடு

கீழே சரக்கை இறக்கிய லாரி, காலியாக மலையேறாமல் ஏற்றி வருவது ரிட்டன் லோடு. வாடகை குறைவு. பக்கத்து மலைக் கிராமமான வில்பட்டியில் பூண்டு விளைவிக்கும் பெருமாள் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கொடைக்கானலில் டாக்சி ஓட்டுகிறவர். திண்டுக்கல்லில் வாங்கிய சீர்க் கட்டிலையும் மெத்தையையும், தன் பூண்டு மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் லாரியிலேயே ஏற்றச் சொன்னார் பெருமாள். வாடை பிடிக்குமே என்றேன்.

"எங்க பூண்டு போன வண்டிதானங்க, அதுல எங்க புள்ள மெத்தை வரக் கூடாதா?"

ஓனர் ரிஸ்க்

வழியில் மழை. டிரைவர் தார்ப்பாயை இறுக்கிக் கட்டிவிட்டார். மலையேறி முடிப்பதற்குள் மெத்தை பூண்டு வாடையில் ஊறிவிட்டது. என் ஆபீஸ் வாசலில் தார்ப்பாயை அவிழ்த்த லோடுமேன் மூக்கைப் பொத்திக்கொண்டார். மாப்பிள்ளையின் அம்மா டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர். இந்தச் சீரைப் பார்த்துவிட்டு மகளை என்ன சொல்வாரோ என்று பெருமாளுக்கு முகமே செத்துவிட்டது. வழியில் சரக்குக்கு எது நேர்ந்தாலும் உடையவரே பொறுப்பு என்பது ஓனர் ரிஸ்க். அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருக்க வேண்டுமா? சொல்லிவிட்டேன்.

"மெத்தைக்கு நான் ஓனருதாங்க. போற எடத்துல எம்மக தலகுனிஞ்சு நின்னா, அதுக்கு யாருங்க ஓனரு?"

டோர் டெலிவரி

சரக்கை வீட்டு வாசல்வரை சேர்ப்பது டோர் டெலிவரி. மனசு கேட்காமல் நானும் கூடப் போனேன். மாப்பிள்ளையின் அம்மா மெத்தையருகே குனிந்தார், நிமிர்ந்தார், வராண்டாவைக் கைகாட்டினார். முன்பே அழுத்திச் சொல்லியிருக்கலாமோ என்று நினைத்துக்கொண்டே ஆபீசுக்குத் திரும்பினேன். கல்யாணம் முடிந்த மறுவாரம் அந்த அம்மா ஆபீசுக்குள் நுழைந்ததும், நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

"உக்காருங்க சார். புது எடம்னு ரெண்டு நாளா மருமக கண்ணே மூடல. வராண்டாவுல கெடந்த மெத்தைய எடுத்துப் போட்டா, விடிஞ்சும் எந்திரிக்கல. வெயில்ல காயப்போடலாம்னா, 'வேணாம் அத்தே, எங்க வீட்டு வாசம்'ங்குது. எங்களுக்குத்தான் தும்மலா வருது."

எடைக்கும் தூரத்துக்கும் வாடகை போடத் தெரிந்த எங்கள் தொழிலில், சரக்கோடு ஏறிவரும் வாசத்துக்கு மட்டும் இன்றுவரை ரேட் கிடையாது.