கருங்கல் வீடு விற்கும்வரை

"கருங்கல் ஊருல உள்ள எங்க வீடு வித்ததும் வாங்குகேன் சாரே. அதுவரைக்கும் வேற ஆளுக்குக் குடுத்திராதீங்க" என்றார், தக்கலையில் நான் விற்கவிருந்த என் வீட்டைப் பார்த்த வாத்தியார். வருடம் ஐம்பத்திரண்டு.

அவருடைய வீடு விலைபோகுமா என்று உளவறிய, வாங்குபவனைப்போல நடித்துக்கொண்டு கருங்கலுக்குப் பஸ் ஏறினேன். வாத்தியார் பள்ளிக்கூடம் போயிருந்தார். அவர் மனைவி கருப்பட்டிக் காப்பி தந்து, வீட்டைச் சுற்றிக் காட்டினார்.

"அண்ணே, அடுக்களை மழைக்கு ஒழுகும். தெரிஞ்சு வாங்குங்க, கேட்டியளா?"

அலமாரி நிறையப் புத்தகம் படித்த நானோ, என் கிணறு சித்திரையில் வற்றும் என்பதை வாத்தியாரிடம் சொல்லியிருக்கவில்லை.

மறுநாளே போய்க் கிணற்று விஷயத்தை அவரிடம் சொன்னேன். வாத்தியார் சிரித்தார். "வீடு பாத்த அண்ணைக்கே உங்க பக்கத்து வீட்டுல சொல்லியாச்சு. நீங்க எப்பம் சொல்லுவீங்கன்னு பாத்துட்டிருந்தேன்."

நான்கு மாதம் பொறுத்து அவருக்கே விற்றேன். என் பொறுமையை ஊரே மெச்சியது. எனக்காக அவர் பொறுத்திருந்தது இன்றுவரை ஊருக்குத் தெரியாது.