எண்பதில் ஆடிய ஸ்டியரிங்

காருக்குப் புது அலாய் சக்கரங்கள் வாங்கினேன். நாமக்கல் கடையில் ஒரே கூட்டம். சக்கரத்துக்கு நாலு போல்ட்தானே என்று எருமப்பட்டிக்குக் கொண்டுவந்து, வீட்டு வாசலில் நானே மாட்டினேன். கூட வந்த பொட்டலத்தைப் பிரித்து என் ஆறு வயது மகள் ஏதோ கேட்டாள். "எடுத்துக்க சாமி" என்றேன், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அன்றிலிருந்து எண்பதைத் தொட்டாலே ஸ்டியரிங் நடுங்கியது. வேறு இரண்டு இடங்களில் பேலன்சிங் பார்த்தேன். சக்கரத்தில் குறையே இல்லை என்றார்கள். நம்பவில்லை. ஒரு வாரம் பொறுத்துவிட்டு, மகளோடு அதே கடைக்குப் போய் எல்லோர் முன்னாலும் கத்தினேன்: "கோணச் சக்கரத்த என் தலையில கட்டிட்டீங்க!"

கடைக்காரர் ஒரு சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார்.

"ஏனுங்க, இதோட நடு ஓட்டை உங்க வண்டிக்குப் பெருசுங்க. இடைவெளிய அடைக்க நாலு பிளாஸ்டிக் வளையம் குடுத்தனே, போடலீங்களா?"

கார் ஜன்னல் வழியாக இரண்டு கைகள் நீண்டன. "இதுங்களா மாமா?"

கைக்கு இரண்டு கருப்பு வளையல்கள். ஒரு வாரமாக அவற்றோடுதான் சாப்பிட்டாள், தூங்கினாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "மாமா வேற வளையல் வாங்கித் தாரேன், குடு சாமி" என்று வாங்கி, நான்கையும் மாட்டினார். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

திரும்பும்போது வேண்டுமென்றே எண்பதைத் தாண்டினேன். ஸ்டியரிங் அசையவே இல்லை. கொஞ்சமாவது ஆடித் தொலைத்திருக்கக் கூடாதா என்றிருந்தது.