நகப்பூச்சு காயும்வரை

சிவப்பு நகப்பூச்சில் தூரிகையைத் தோய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, எவர்சில்வர் துண்டின் ஓரங்களுக்குத் தீட்டிக்கொண்டிருக்கிறார் துருக்கண்ணர். ஆய்வுக்கூடத்தார் வைத்த பெயர். வெட்டுப்பட்ட ஓரம் சோதனையைக் கெடுக்காதபடி மூடிவிட்டு, நடுப்பரப்பை மட்டும் உப்புநீர் தொடும்படி இறக்கி, மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றுவார். உலோகம் தாங்கும்வரை திரையில் கோடு சாதுவாகக் கிடக்கும். துரு அரித்துக் குழி விழுந்ததும் எகிறும். "பல்லக் காட்டிருச்சு பாத்தீங்களா?" என்பார், அத்தனை சந்தோஷமாக.

இரும்பை அவருக்குப் பிடிக்கும். அது ஒளிவுமறைவில்லாமல் துருப்பிடிக்கிறது. பளபளக்கிற எவர்சில்வர்மேல்தான் சந்தேகம். அவர் வீட்டு கேட்டைத் தொட்டால் துரு கையோடு வருகிறது என்பது வேறு விஷயம். "ஊர் இரும்பையெல்லாம் சோதிக்கிறாரு, என் நகப்பூச்சையும் தீத்துடுறாரு" என்பது மனைவியின் புலம்பல்.

சரக்கு கொடுப்பவர்களுக்கு அவர் அறையில் இருக்கை கிடையாது. "உக்காந்தா பேசுவாங்க. பேசுனா மனசு இளகும்."

போன வாரம், தண்ணீர்த்தொட்டி செய்கிறவர் நின்றுகொண்டே மன்றாடினார். மருத்துவமனைக்கு நாற்பது தொட்டி. பட்டறையே அந்த ஆர்டரை நம்பியிருந்தது. தகடு தேறவில்லை என்று துருக்கண்ணர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"இருபது வருஷமா இதே தகடுதான் சார். எங்கயோ தப்பு நடந்திருக்கு."

"தப்பு உங்க தகட்டுல."

அன்று மாலை மனைவி விரல்களை விரித்து நகங்களை ஊதிக்கொண்டிருந்தாள். இவர் டீ கேட்டார்.

"இருங்க, காயட்டும். ஈரத்தோட தொட்டா ஓரம் தூக்கிக்கும்."

அவர் டீயை மறந்தார். சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டதென்று, பூசிய கையோடு தொட்டிக்காரரின் தகட்டுத் துண்டை உப்புநீரில் இறக்கியது நினைவுக்கு வந்தது.

காலையில் முதல் வேலையாகப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். நடுப்பரப்பில் ஒரு புள்ளிகூட இல்லை. ஓரத்தில் பூச்சு தூக்கிக்கொண்டு, உப்புநீர் புகுந்த இடுக்கில்தான் குழி விழுந்திருந்தது. அறையில் வேறு யாருமில்லை. துண்டைக் குப்பைக்கூடையில் போட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். கூடையையும் கொஞ்ச நேரம் பார்க்கத்தான் செய்தார். பிறகு தேறவில்லை என்ற அறிக்கையைக் கோடு போட்டு அடித்துவிட்டு, காரணம் என்ற கட்டத்தில் 'சோதித்தவரின் அவசரம்' என்று எழுதினார். தொட்டிக்காரருக்குப் போன் செய்து வரச்சொன்னார்.

அவர் ஓடிவந்து வழக்கம்போல் சுவரோரம் நின்றார்.

"தப்பு என்னோடது. மறுபடி பாக்கிறேன்."

"தேறிடுமா சார்?"

"தெரியாது. முதல்ல காயணும்."

துருக்கண்ணர் தன்னுடைய ஸ்டூலை அவர்பக்கம் தள்ளினார். நின்றபடியே புதுத் துண்டை முகத்தருகே ஏந்தி, உதட்டைக் குவித்து, மெல்ல ஊதத் தொடங்கினார்.