வலிக்காத பல்

இரும்பு பல்லில் மோதும் சத்தம் அவ்வளவு பெரிதாக இருக்காது; சின்னக் கிண்ணத்தைக் கரண்டியால் தட்டியதுபோல 'ணங்'கென்று ஒன்று, அவ்வளவுதான். உத்திரமேரூருக்குப் பக்கத்தில் எங்கள் தெருவின் "அடிபம்பில்" தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த கன்னியம்மா அக்காவின் ஈரக்கை வழுக்கி, அழுத்தியிருந்த கைப்பிடி துள்ளி வந்து அவள் மேலுதட்டில் அடித்தபோது, பின்னால் குடத்தோடு நின்றிருந்த எனக்கு அந்தச் சத்தம்தான் முதலில் கேட்டது, இரத்தம் பிறகுதான் தெரிந்தது. எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினெட்டு. உதட்டுக் காயம் சீக்கிரமே ஆறிவிட்டது. முன்பல்லும் ஆடாமல் அசையாமல் அப்படியே நின்றதால், நடவு வேலைக்கு ஓடும் அவசரத்தில் வீட்டில் எல்லோரும் அதை மறந்துபோனார்கள்.

சில வாரங்கள் கழித்து அந்த ஒரு பல் மட்டும் நிறம் மாறத் தொடங்கியது. முதலில் லேசாகச் சிவந்ததுபோல் இருந்து, பிறகு பழைய அலுமினியப் பாத்திரத்தின் சாம்பல் நிறத்துக்கு வந்து, அறுவடை வருவதற்குள், அவள் சிரித்தால் அந்த இடத்தில் ஓட்டை இருப்பதுபோலத் தோன்றும் அளவுக்குக் கருத்துவிட்டது. அம்மா அதை அழுக்கென்றே நினைத்தாள். அடுப்புக்கரியையும் உப்பையும் சேர்த்துத் தேய்க்கச் சொன்னாள், எலுமிச்சைத் தோலால் தேய்க்கச் சொன்னாள். ஈறு கிழிந்து இரத்தம் வந்ததே தவிர, நிறம் துளியும் போகவில்லை.

"வலிக்குதாடி?" என்பாள் அம்மா.

"இல்லம்மா. அந்தப் பல்லு இருக்கிறதே தெரில."

"வலி இல்லன்னா வுடு. கலரு தானே" என்பார் நைனா. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் அப்படிச் சொல்வது எங்கள் எல்லோருக்கும் ஆறுதலாக இருந்தது.

கூரம் பக்கத்திலிருந்து பெண் கேட்டு வருவதாகச் சேதி வந்த பிறகுதான் அந்த நிறம் வீட்டின் பெரிய கவலையானது. "சிரிச்சா பயமா கீது, மாப்ள வூட்டுக்காரங்க இன்னா சொல்வாங்க" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா அக்காவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனாள். அம்மா எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். அங்கே மரப்பெட்டியின் மேல் "பல்செட்டு"களைப் பரப்பிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் அந்தக் கருத்த பல்லைச் சுற்றிலும் ராவி, வெள்ளை உறை ஒன்றை அதன்மேல் மாட்டி, கண்ணாடியைக் கையில் கொடுத்தார். அக்கா வெகுநேரம் பார்த்துவிட்டு, "உள்ள இன்னாமோ துடிக்கிற மாரி கீதுண்ணா" என்றாள்.

"புதுசா போட்டா அப்டித்தாம்மா இருக்கும். போவப் போவப் பழகிடும்."

பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் அக்கா பயமில்லாமல் சிரித்தாள். சீக்கிரமே பரிசம் போட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆனால் அவளோடு ஒரே பாயில் படுக்கும் எனக்கு அவள் மூச்சில் ஒரு வாடை தட்டுப்பட்டது. நனைந்த சாக்கு வெயில் படாமல் மூலையில் கிடந்தால் வருமே, அந்த வாடை. கேட்டதற்கு உதட்டைத் தூக்கிக் காட்டினாள். உறைக்கு மேலே, ஈறில், அரிசி அளவுக்கு ஒரு கொப்புளம். அம்மாவைக் கூட்டிவந்து காட்டினேன். "சூட்டுக் கொப்புளம். பரிசம் முடியட்டும், பாக்கலாம்" என்றாள். அக்காவும் அதையேதான் விரும்பினாள்.

பரிசம் வருவதற்குள் ஒரு காலையில் அக்கா எழுந்தபோது, உதடும் மூக்கும் ஒன்றாக வீங்கி, இடது கண் மூடிக் கிடந்தது. உடம்பு கொதித்தது. நாங்கள் கூப்பிட்டால் வேறு யாருக்கோ பதில் சொன்னாள். நைனா ஒரு வேனைப் பிடித்து அவளைச் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். உறையைக் கழற்றியதும் அந்த வாடை அறையெங்கும் பரவியது. பல்லைப் பிடுங்கிச் சீழை வடித்த பிறகு, டாக்டரம்மா நைனாவிடம் கோபமில்லாமல்தான் சொன்னார்.

"நீங்க தேய்ச்சது அழுக்கு இல்லைங்க. அடிபட்டதுல பல்லுக்குள்ள இருந்த நரம்பு செத்துப்போச்சு, உள்ளே கசிஞ்ச ரத்தம் ஊறித்தான் நிறம் மாறுச்சு. செத்த பல்லு எப்படி வலிக்கும்? அப்பவே வந்திருந்தா வேரைச் சுத்தம் பண்ணி, உள்ளேயே மருந்து வெச்சு வெள்ளையாக்கியிருக்கலாம். பல்லும் இருந்திருக்கும்."

கண் பிழைக்குமா என்று பல நாள் யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. வீக்கம் வடிந்து, இமை பிரிந்து, நான் ஆட்டிய விரலை அவள் கண் தொடர்ந்து வந்த அன்றுதான் அம்மா வயிறாரச் சாப்பிட்டாள். கூரத்துக்காரர்கள் பிறகு வரவில்லை. அக்கா அதற்காக அழவில்லை; "வலிக்கலன்னு சொன்னேனே, அது பொய் இல்லம்மா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் இன்று அந்த மரப்பெட்டி இல்லை. அந்த வரிசையில் பல் மருத்துவர்களின் பலகைகள் தொங்குகின்றன. தாமதமாகக் கல்யாணமாகித் திருப்புலிவனத்தில் வாழும் அக்கா நல்ல பல் கட்டிக்கொண்டிருக்கிறாள், ஆனாலும் உதட்டை மூடியேதான் சிரிக்கிறாள். பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளைகளைத் தினமும் வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி, கட்டைவிரலால் உதட்டைத் தூக்கி, பல் பல்லாகப் பார்த்த பிறகுதான் அனுப்புகிறாள். போன மாதம் போயிருந்தபோது என் முகவாயையும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அவள் விரல் ஒரு பல்லின் மேல் நின்றது.

"இது எப்போலருந்து இப்டி கீது?"

வலிக்கவே இல்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.