ஆறாம் வருஷம்

திருகோணமலைத் துறைமுகத்தடியில் கணினி திருத்தும் கடை வைத்திருந்த அந்த மனிதருக்கு நாற்பது வயதிருக்கும். சட்டையின் கழுத்துப் பொத்தானையும் பூட்டியிருப்பார். என் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தின் நீண்டகால ஆதரவுப் பதிப்பை ஏற்றிவிட்டு, துண்டுக் கடதாசியில் ஒரு திகதி எழுதி மூடியில் ஒட்டினார்.

“ஐஞ்சு வருஷத்துக்கு என்ன பிழை கண்டாலும் திருத்தம் வரும். இந்தத் திகதிக்குப் பிறகு பழசை வைச்சிருக்க ஏலாது, புதுசு போடவேணும்.”

கடையில் எல்லாவற்றிலும் திகதி ஒட்டியிருந்தது. மின்விசிறியில், கதிரையில், பிள்ளையார் படத்தில்கூட. பிள்ளையாருக்கு அல்ல, படத்தின் மரச்சட்டத்துக்குத்தான் என்று விளக்கினார்.

“கலியாணம் முடிச்சிட்டீங்களோ?” என்று கேட்டேன்.

“தம்பலகாமத்திலை ஒரு இடம் பொருந்தி வந்தது. ஐஞ்சு வருஷத்துக்கு என்னிலை என்ன பிழை கண்டாலும் திருத்திக்கொள்ளுவன் எண்டு சொன்னனான்.”

“நல்ல கதைதானே?”

“ஓம். ஆறாம் வருஷம் என்ன செய்வீங்கள் எண்டு பொம்பிளையின்ரை தாய் கேட்டா. புதுசு போடவேணும் எண்டனான். அதுக்குப் பிறகு குசினியிலை இருந்து தேத்தண்ணி வரவேயில்லை.”

ஏன் வரவில்லை என்று அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார். நான் திருத்தக் கூலியை எண்ணிக் கொடுத்தேன்.

நான் பெண் பார்க்கப் போனபோது ஆயுள் முழுக்க என்று சொன்னவன். எனக்குத் தேத்தண்ணி, வடை, பயற்றம் பணியாரம் எல்லாம் கிடைத்தன. இரண்டாம் வருடமே அவள் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

மடிக்கணினி அவர் சொன்ன திகதிவரை ஓடியது.