ஜுமாகாதிர் பாலம்

மாவு பிசைந்துகொண்டிருந்த ஜூராகான், கைபேசியைப் பார்த்ததும் மாவை ஓங்கிக் குத்தினாள். தலைநகரில் உட்கார்ந்திருக்கும் எசென் என்ற ஒருவன் அவள் வரைந்த வரைபடத்தில் கை வைத்திருந்தான்.

யார் வேண்டுமானாலும் இணையத்தில் சேர்ந்து வரையக்கூடிய வரைபடம் அது. தலாஸ் பள்ளத்தாக்கில் அவள் ஊர் அதில் வெறும் சாம்பல் பொட்டாகக் கிடந்தது. தண்ணீர்ச் சங்கத்தில் எழுத்தர் வேலை பார்க்கும் ஜூராகான், ஒரு வசந்தம் முழுக்க பீன்ஸ் வயல்களுக்கு நடுவே வாய்க்காலோடு நடந்து பதினேழு மதகு, இரண்டு பம்புசெட், நான்கு பாலம் என்று எல்லாவற்றையும் ஏற்றினாள். ஊரார் வாயில் என்ன பெயரோ அதே பெயர். கழுதை விழுந்த மதகைக் கழுதை விழுந்த மதகு என்றே எழுதினாள்.

ஊர் நுழைவில் உள்ள இரும்புப் பாலத்தில்தான் சறுக்கினாள். பழைய தண்டவாளத் துண்டுகளை வைத்து அதைக் கட்டியவர் அவள் மாமனார் ஜுமாகாதிர். ஊருக்கே அது ஜுமாகாதிர் பாலம். மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது, எழுதவும் கூடாது. இருபத்திரண்டு வருடமாக அவள் வாயில் அது ‘பெரியவர் பாலம்’. வரைபடத்திலும் அப்படியே எழுதிவிட்டாள்.

எசென் அதை அழித்துவிட்டுக் கீழே ஒரு குறிப்பு எழுதியிருந்தான்.

“அக்கா, எந்தப் பெரியவரு? ஊரே சொல்ற பேரு இருந்தா போடுங்க, இல்லாட்டி காலியா விடுங்க. அதான் நம்ம விதி.”

“விதியாம் விதி! ஒரு நாளாவது இந்த வாய்க்கால்ல கால நனைச்சிருப்பானா?” என்று ஜூராகான் மாவிடம் கத்தினாள்.

மகன் அப்பா பெயரைச் சொல்லலாம். ஆனால் மாஸ்கோவில் கட்டட வேலையில் இருக்கும் கணவனிடம் அந்தப் பெயரை ஏற்றித் தரச் சொல்லிக் கேட்க அவளுக்கு வீம்பு. ‘நான் எழுதினதுதான் சரி’ என்று வேறு பெயர் போடாமல் இடத்தைக் காலியாகவே விட்டாள்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் பெரியவர் மாட்டுக் கொட்டகையில் விழுந்தார். வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் வழியிலிருந்து கூப்பிட்டான்.

“அக்கா, நான் இந்தப் பக்கத்துக்குப் புதுசு. எந்தப் பாலத்துல திரும்பணும்?”

“பெரியவர் பாலம்.”

“அப்படி ஒண்ணு மேப்புல இல்லியே! ஒரு பேரச் சொல்லுக்கா!”

ஜூராகான் மாமியாரைப் பார்த்தாள். கணவர் தலையை மடியில் வைத்திருந்த பாத்மா உதட்டைக் கடித்துக்கொண்டு வேண்டாமென்று தலையாட்டினாள். அவளும் கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

“இரும்புப் பாலம்ப்பா!” என்றாள் ஜூராகான்.

கீழூரிலும் ஓர் இரும்புப் பாலம் உண்டு. வண்டி அங்கே போய்த் திரும்பி வர நாற்பது நிமிடம் பிடித்தது.

பெரியவர் உயிர் பிழைத்தார். பேச்சும் வலது கையும் போய்விட்டன. “இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா…” என்று டாக்டர் இழுத்ததை ஜூராகான் முழுதாகக் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

வீட்டுக்கு வந்ததும் பெரியவரின் கட்டிலருகே நின்றபடி வரைபடத்தின் அந்தக் காலி இடத்தில் எழுத்தெழுத்தாக அடித்தாள். பிறகு சத்தமாகவே படித்தாள்.

“ஜுமாகாதிர் பாலம்.”

“வெக்கங்கெட்டவளே! அவரு காதுல விழவா சொல்ற?” என்று பாத்மா பாய்ந்தாள்.

“அன்னிக்கு டிரைவர் காதுல விழுந்திருக்கணும் அத்தை! ரெண்டு பேரும் சேர்ந்துதானே வாய மூடிக்கிட்டோம்? என்ன மட்டும் ஏசாதீங்க!”

பாத்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் பெரியவருக்குச் சூப் ஊட்டிக்கொண்டிருந்தபோது கைபேசி ஒலித்தது. எசென் எழுதியிருந்தான்.

“நன்றிக்கா. இதத்தானே கேட்டேன்? ஒரே ஒரு பேரு, அன்னிக்கே போட்டிருக்கலாம்ல?”

கைபேசியைச் சுவரில் அடிக்க வேண்டும் போலிருந்தது. அவன் கேட்டது சரி. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. பெரியவரின் தாடையில் வழிந்த சூப்பைத் துடைத்துவிட்டு அடுத்த கரண்டியை நீட்டினாள்.